கைடு பேசுவது புரியாத கப்பல் சுற்றுலா: கைகொடுக்கும் குறிப்புகள்

மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் பெரிய கப்பல்களில் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம் என்று ஒரே அறிவிப்பு பல மொழிகளில் மாறி மாறி வரும். துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கப் போகும் பேருந்துகளையும் மொழிவாரியாகத்தான் பிரிப்பார்கள். ஆங்கிலப் பேருந்துக்கு ஆள் சேராவிட்டாலோ அது நிரம்பிவிட்டாலோ, இத்தாலியனோ ஜெர்மனோ பேசும் கைடோடு நாள் முழுக்கச் சுற்ற வேண்டி வரும். வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கைடு சொல்லும் கதையை முந்தின இரவே தமிழில் படித்துக்கொள்ளலாம். பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே நிற்கும் என்ற இரண்டை மட்டும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டாக வேண்டும்.

1. முன்பதிவு செய்யும்போது ஊரையும் விலையையும் பார்ப்பதோடு 'மொழி' என்ற வரியையும் தேடிப் பாருங்கள். ஆங்கிலம் என்று போட்டிருந்தாலும், 'போதிய ஆட்கள் சேர்ந்தால் மட்டும்' என்ற நிபந்தனை பொடி எழுத்தில் கீழே இருக்கலாம். 'இருமொழி' என்றிருந்தால் ஒரே கைடு முதலில் ஒரு மொழியிலும் பிறகு இன்னொன்றிலும் சொல்வார். இரண்டாவதாக வரும் மொழிக்குச் சுருக்கம்தான் கிடைக்கும். ஏன், எப்படி என்ற சுவையான பகுதியெல்லாம் முதல் மொழியோடு போய்விடும்.

2. கப்பல் ஏறிய அன்றே சுற்றுலா கவுன்ட்டருக்குப் போய், "எங்கள் பேருந்தில் ஆங்கிலம் உறுதியா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் மூன்று வழிகளை விசாரியுங்கள்: அதே ஊருக்கு வேறு நேரத்தில் ஆங்கிலப் பேருந்து உண்டா, வேறு சுற்றுலாவுக்கு மாற்றித் தருவார்களா, பணம் திரும்புமா. சுற்றுலா நாள் நெருங்கிவிட்டால் மூன்றும் கஷ்டம்.

3. எல்லா ஊருக்கும் விளக்கம் ஒரே அளவில் தேவைப்படாது. கிரேக்கத் தீவான சாண்டோரினியின் வெள்ளை வீடுகளையும் கடலையும் பார்க்க மொழி எதற்கு? மான்டிநீக்ரோவின் கோட்டோர் வளைகுடா, நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமால்ஃபி மலைச்சாலை, படகுச் சவாரி, கடற்கரை போன்றவற்றுக்கு எந்த மொழிப் பேருந்தில் ஏறினாலும் நஷ்டமில்லை. இத்தாலியில் பாம்பேய், துருக்கியில் எபேசஸ், கிரேக்கத்தில் ஒலிம்பியா, ரோமில் வாட்டிகன் ஆகியவை அப்படியல்ல. கதை தெரியாமல் போனால் இடிந்த தூண்களையும் வெயிலையும் மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஆங்கிலப் பேருந்துக்காக மல்லுக்கட்டுவதானால் இந்த இரண்டாம் வகை ஊர்களுக்காக மல்லுக்கட்டுங்கள்.

4. சில துறைமுகங்களில் கைடே தேவையில்லை. மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி. தலைநகர் வல்லெட்டாவில் கப்பல் நிற்கும் கரையிலிருந்து லிஃப்டில் ஏறினால் மேலே பராக்கா தோட்டத்தில் இருப்பீர்கள். கோட்டோரில் பழைய நகரத்தின் கோட்டை வாசல் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து மெட்ரோவில் மொனாஸ்டிராக்கி நிலையம் வரை போய் அக்ரோபொலிஸுக்கு நடக்கலாம். இந்த ஊர்களில் கைடு சுற்றுலாவுக்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடித்து, ரோமுக்கோ ஃப்ளாரன்ஸுக்கோ செலவிடுங்கள். அங்கே துறைமுகத்துக்கும் ஊருக்கும் தூரம் அதிகம்: சிவிட்டவெக்கியாவிலிருந்து ரோம் சுமார் 80 கி.மீ., லிவோர்னோவிலிருந்து ஃப்ளாரன்ஸ் சுமார் 90 கி.மீ. தனியாகப் போய்ப் போக்குவரத்தில் மாட்டினால் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது. மொழி புரியாவிட்டாலும் அந்தப் பேருந்தில் போவதற்கு இதுவே போதுமான காரணம்.

5. முந்தின இரவு அரை மணி நேரம் ஒதுக்கிக் கதையைப் படித்துவிடுங்கள். முழு வரலாறும் வேண்டாம், மூன்று காட்சிகள் போதும். பாம்பேய் என்றால், கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்து ஊரே சாம்பலில் புதைந்தது என்ற செய்தியோடு கீழுள்ள மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவின் குறுக்கே உயரமான கற்கள் வரிசையாக நிற்கும். தெருவில் ஓடும் கழிவுநீரில் கால் படாமல் மக்கள் அந்தப் பக்கம் போவதற்கான கற்கள் அவை. இடைவெளி வழியாக வண்டிச் சக்கரம் போகும். சக்கரம் உரசிய தடம் கல்லில் குழியாக இன்றும் இருக்கிறது, குனிந்து விரல் வைத்துப் பாருங்கள். தெருவோரத்தில் வட்ட வட்டமாகத் துளையுள்ள கல்மேடைகள் தெரிந்தால் அவை சாப்பாட்டுக் கடைகள். துளைக்குள் பதித்திருந்த பானைகளிலிருந்து எடுத்துப் பரிமாறியிருக்கிறார்கள். மூன்றாவது, கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கும் மனித உருவங்கள். சாம்பல் இறுகியபின் உள்ளே உடல்கள் மக்கி வெற்றிடமாகிவிட்டன. 1863-ல் ஜியூசெப்பே ஃபியோரெல்லி என்ற ஆய்வாளர் அந்த வெற்றிடங்களில் சாந்தை ஊற்றி இப்படி உருவங்களை எடுக்கத் தொடங்கினார்.

கைடு உங்களைப் பார்த்து "இந்தியா" என்று ஏதாவது சொன்னால், பாம்பேயில் 1938-ல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையைப் பற்றியதாக இருக்கலாம். அது இப்போது நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

6. காலையில் பெரும்பாலும் கப்பலின் தியேட்டரில் கூடச் சொல்வார்கள். பேருந்து எண் போட்ட ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிவிடுவார்கள். ஒலிபெருக்கியில் உங்கள் எண்ணை எந்த மொழியில் கூப்பிடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். அதே எண், அதே நிற ஸ்டிக்கர் ஒட்டிய நாலு பேரைப் பார்த்து வைத்து, அவர்கள் எழுந்தால் எழுந்துவிடுங்கள். ஸ்டிக்கரைச் சேலைத் தலைப்பிலோ துப்பட்டாவிலோ ஒட்டாதீர்கள், காற்றில் பறந்துவிடும்.

7. பேருந்தில் ஏறும் முன் மூன்று போட்டோ எடுங்கள்: பேருந்தின் நம்பர் பிளேட், முன் கண்ணாடியில் வைத்திருக்கும் எண் அட்டை, கைடு. பல கப்பல்கள் ஒரே நாளில் வந்து நிற்கும் துறைமுகங்களில் 14-ஆம் எண் பேருந்து ஒன்றுக்கு மேல் இருக்கும். கைடின் முகத்தைவிட அவர் தூக்கிப் பிடிக்கும் குடை, கொடி, பொம்மைதான் முக்கியம். அதைத் தெளிவாக எடுங்கள்.

8. கடிகாரம்: கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிடுங்கள். இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனால் உள்ளூர் நேரம் ஒரு மணி நேரம் கூடும். போன் தானாக மாறிக்கொள்ளும், அல்லது மாறாமலே இருக்கும். கப்பலும் சில பயணங்களில் மாற்றும், சிலவற்றில் மாற்றாது. கேபினுக்கு வரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் எது என்று போட்டிருப்பார்கள். 'அனைவரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம்' என்று தனியாக ஒன்று இருக்கும். அது கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணியோ அதற்கும் மேலோ முன்னதாக இருக்கும். அந்தத் தாளை மடித்துக் கையோடு கொண்டுபோங்கள்.

9. "எத்தனை மணிக்கு, எங்கே?" இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சமே கூடாது. எல்லோரும் கலைந்து போகும்போது கைடு ஒரு நேரத்தைச் சொல்வார். காதில் விழுந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜெர்மனில் 'ஹால்ப்' என்றால் அரை. ஆனால் 'அரை பன்னிரண்டு' என்று அவர்கள் சொன்னால் அது பதினொன்றரை. நாம் பன்னிரண்டரை என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் போச்சு. இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் 'பன்னிரண்டு, கால் குறைவு' என்ற பாணியில் சொல்வார்கள். பன்னிரண்டு என்பது காதில் விழும், நேரமோ பதினொன்றே முக்கால்.

அதனால் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். கைடிடம் நீட்டினால் எண்ணை எழுதித் தந்துவிடுவார். ஐரோப்பாவில் 24 மணி நேரக் கணக்கில்தான் எழுதுவார்கள். 15:30 என்றால் மாலை மூன்றரை. ஐரோப்பியக் கையெழுத்தில் 1 என்பது நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். அவர்களுடைய 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். எழுதி வாங்கியதும் உங்கள் கடிகாரத்தில் அந்த நேரத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அவர் தலையாட்டினால்தான் நகரவேண்டும்.

10. இறங்கிய இடத்திலேயே பேருந்து நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மொழி புரியாதவர்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். துருக்கியில் குஷாதாசி துறைமுகத்தில் இறங்கி எபேசஸ் போகிறீர்கள் என்று வையுங்கள். பேருந்து மேல் வாசலில் இறக்கிவிடும். அங்கிருந்து பளிங்குத் தெரு இறக்கமாகப் போகும். வழியில் செல்சஸ் நூலகத்தின் இரண்டடுக்கு முகப்பு, அதைத் தாண்டிச் சுமார் 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு. அதற்குள் பேருந்து சுற்றிக்கொண்டு கீழ் வாசலுக்குப் போய்விடும். கூட்டத்தைத் தவறவிட்டவர் 'இறங்கிய இடத்துக்கே போவோம்' என்று வெயிலில் மேலே ஏறினால், ஏற்றமும் வீண், பேருந்தும் கிடைக்காது. எபேசஸில் வழி தவறினால் எப்போதும் கீழ்நோக்கி நடங்கள்.

சாண்டோரினியில் இன்னொரு விதம். கப்பல் நடுக்கடலில் நிற்க, படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். சுற்றுலாக் குழுவை ஒரு துறையில் இறக்கி, பேருந்தில் மலைமேல் ஏற்றி, கடைசியில் ஃபிரா ஊரில் விட்டுவிட்டு கைடு விடைபெற்றுக்கொள்வது வழக்கம். திரும்பிப் போவது உங்கள் பாடு: கேபிள் காரில் பழைய துறைக்கு இறங்க வேண்டும், அங்கேதான் கப்பலின் படகு வரும். ஏறிவந்த துறையைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். கேபிள் கார் வரிசை மிக நீளமாக இருக்கும். படியில் இறங்கலாம்தான், ஆனால் அறுநூறுக்குச் சற்றுக் குறைவான படிகள், கழுதைச் சாணம், வழுக்கல். முழங்கால் வலி உள்ளவர்கள் கடை கண்ணியை முன்னதாகவே முடித்துக்கொண்டு வரிசைக்குப் போவது நல்லது.

ஃப்ளாரன்ஸ், பைசா இரண்டிலும் பேருந்து ஊருக்கு வெளியேதான் நிற்கும். பைசாவில் நிறுத்துமிடத்திலிருந்து சாய்ந்த கோபுரம் வரை நல்ல நடை. போகும்போதே திருப்பங்களில் திரும்பிப் பார்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது தெரு வேறு மாதிரித் தெரியும்.

11. காதில் மாட்ட ஒரு சின்ன ரிசீவர் கொடுத்தால், புரியாத மொழி எதற்கு என்று பைக்குள் போட்டுவிடாதீர்கள். குரல் தெளிவாகக் கேட்டால் கைடு பக்கத்தில் இருக்கிறார். கரகரப்பு கூடினால் நீங்கள் பின்தங்குகிறீர்கள். சேனல் எண் சரியா என்று புறப்படும்போதே பாருங்கள். பக்கத்துக் குழுவின் சேனலில் விழுந்துவிட்டால் வேறொரு கைடு பின்னால் போய்விடுவோம்.

12. வாட்டிகன் அருங்காட்சியகத்தில் கைடு ஒரு முற்றத்தில் படங்கள் ஒட்டிய பலகை முன் நின்று நீளமாகப் பேசுவார். உள்ளே போகாமல் ஏன் இங்கே நிற்கிறோம் என்று எரிச்சல் வரும். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் பேசக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது. அதனால்தான் விளக்கத்தை முன்கூட்டியே முடித்துவிடுகிறார்கள். அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த மேற்கூரையில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்பது அதில் தெரியும். உள்ளே எல்லா மொழிக்காரர்களும் வாயை மூடிக்கொண்டுதான் அண்ணாந்து பார்ப்பார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். புடவை, சுடிதார் அணிபவர்களுக்குக் கவலையே இல்லை, அரைக்கால் சட்டை போட்ட வீட்டுக்காரருக்குத்தான் பேன்ட் எடுத்து வைக்க வேண்டும்.

13. கைடு எச்சரிக்கை சொல்லும்போது அவர் வாயைப் பார்க்காமல் சக பயணிகளைப் பாருங்கள். எல்லோரும் சட்டென்று முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டால் பிக்பாக்கெட் இருக்கிறது என்று அர்த்தம். தரையைப் பார்த்து நடந்தால் படியோ வழுக்கலோ. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனால் அடுத்து நெடுநேரம் குழாய் கிடையாது. எல்லோரும் பையைத் திறந்து கப்பலில் ஏறக் காட்டும் அடையாளக் கார்டை எடுத்தால் நீங்களும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

14. போனில் மொழிபெயர்ப்புச் செயலி: கப்பல் கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் இத்தாலியன், ஜெர்மன், ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றை இறக்கி வைத்துவிடுங்கள். இணையம் இல்லாமலே எழுத்துகளை மொழிபெயர்க்கும். பேருந்தில் ஒலிபெருக்கி அருகில் போனைப் பிடித்தால் பேச்சும் ஓரளவு பிடிபடும். ரிசீவரின் காதுக்குழலை போன் மைக்கில் ஒட்டவைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் கட்டடத்தைப் பார்க்கலாம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் இத்தாலியனிலிருந்து நேரே தமிழுக்கு மாற்றாமல் ஆங்கிலத்துக்கு மாற்றிப் படியுங்கள், பிழை குறையும். அரசர் பெயர், ஊர்ப் பெயரெல்லாம் எந்த மொழியிலும் குதறித்தான் வரும்.

15. நடுக்கடலில் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும். ஐரோப்பிய ரோமிங் பேக் வாங்கியிருந்தால் அதில் துருக்கி அடங்குமா என்று பாருங்கள்; துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை.

16. ஆங்கில ஒலி வழிகாட்டி இன்னொரு நல்ல வழி. ரிக் ஸ்டீவ்ஸ் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளரின் இலவசச் செயலியில் பாம்பேய், ரோம், ஃப்ளாரன்ஸ், எபேசஸ் போன்ற இடங்களுக்கான ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமல் கேட்கலாம். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். இன்னொரு காது கைடுக்கு.

17. கைடுக்கு ஆங்கிலம் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் தெரிந்திருக்கும். இத்தாலி, கிரேக்கம், துருக்கி மூன்றிலும் உரிமம் பெற்றவர்கள்தான் கைடாக வேலை செய்யலாம். பலருக்கு இரண்டு மூன்று மொழிகள் வரும். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய் "ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று கேட்பது சரியில்லை. அந்தப் பேருந்தில் மற்றவர்கள் தங்கள் மொழிக்காகப் பணம் கட்டியவர்கள். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடக்கும்போது பக்கத்தில் போய், "இப்போது பார்த்ததில் முக்கியமானது எது?" என்று கேளுங்கள். இரண்டு வரி பதில் கிடைக்கும். அந்த இரண்டு வரிதான் பல சமயம் சரக்கு.

18. காலையில் பேருந்து ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு வணக்கம் வையுங்கள். கைடின் மொழியும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் எப்படியும் இருப்பார். நேரம், இடம் இரண்டையும் மட்டும் அவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; முழு விளக்கத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லி அவருடைய விடுமுறையைக் கெடுக்க வேண்டாம்.

19. அம்மா, அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு: ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு ஆங்கிலப் பேருந்தும் இத்தாலியப் பேருந்தும் ஒன்றுதான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். எல்லோருக்கும் புரியாத பேருந்தில்தான் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு பேசிக்கொள்வோம்.

கைடு பேசப் பேச முணுமுணுப்பாக மொழிபெயர்க்காதீர்கள். மற்றவர்களுக்குத் தொந்தரவு, அம்மாவுக்கும் பாதிதான் விளங்கும். ஒவ்வொரு இடத்துக்கும் போகும் முன் பேருந்திலேயே கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். இறங்கியபின் கண்ணால் பார்த்துப் புரிகிற பொருள்களைக் காட்டுங்கள். பாம்பேயில் அரசியல்வாதி வீட்டைவிட ரொட்டிக்கடைதான் அம்மாக்களுக்குப் பிடிக்கும். எரிமலைக் கல்லில் செய்த, ஆள் உயரத்துக்கு நிற்கும் மாவரைக்கும் கற்கள். நம்மூர் செக்கைப் போலக் கழுதையைச் சுற்றவிட்டு அரைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே செங்கல் அடுப்பு. இதற்கு எந்த மொழி வேண்டும்? அம்மா கையில் கப்பல் பெயர், துறைமுகப் பெயர், உங்கள் போன் எண் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

20. கழிவறைக் கதவு: இத்தாலியில் 'சிஞ்ஞோரி', 'சிஞ்ஞோரே' என்று எழுதியிருக்கும். கடைசி எழுத்து ஆங்கில 'ஐ' என்றால் ஆண்கள், 'இ' என்றால் பெண்கள். ஜெர்மன் எழுதியிருந்தால் 'ஹெச்' ஆண்கள், 'டி' பெண்கள். சந்தேகமாக இருந்தால் யாராவது வெளியே வரும்வரை நில்லுங்கள். 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்கள் சில்லறையாகக் கைவசம் இருக்கட்டும், பல இடங்களில் காசு போட்டால்தான் கதவு திறக்கும்.

21. குழாயில் 'சி' என்று போட்டிருந்தால் குளிர்ந்த தண்ணீர் என்று கையை நீட்டிவிடாதீர்கள். இத்தாலியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு மூன்றிலும் 'சி' வெந்நீர், 'எஃப்' குளிர்ந்த நீர்.

22. மதியச் சாப்பாடு சேர்ந்த சுற்றுலா என்றால் சைவர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று காலை கைடிடமும் நினைவூட்டுங்கள். 'வெஜிடேரியன்' என்றால் மீன் சாப்பிடுவார் என்று நினைக்கும் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் இல்லாதவற்றைப் பட்டியல் போடுங்கள்: 'சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே, சென்ட்சா உவோவா'. இறைச்சி, மீன், முட்டை சேர்க்காமல் என்று அர்த்தம். இத்தாலிய எழுத்திலேயே அச்சிட்டு அட்டையாக வைத்துக்கொண்டால் நேரே அடுக்களைக்கே கொடுத்தனுப்பலாம். தக்காளி சாஸ்தானே என்று நம்ப வேண்டாம், 'புட்டனெஸ்கா' சாஸில் நெத்திலி மாதிரிச் சிறு மீன் இருக்கும். கேபினிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல துறைமுகங்களில் பழம், சமைத்த உணவைக் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

23. பேருந்து திடீரென்று ஒரு கம்பளக் கடை முன் நின்றால் பதற வேண்டாம். குஷாதாசியில் இது சுற்றுலாவின் ஒரு பகுதி. உட்காரவைத்து ஆப்பிள் டீ கொடுத்து, கம்பளத்தை விரித்து விரித்துக் காட்டுவார்கள். டீ குடித்ததற்காக வாங்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. காலையிலிருந்து யாரும் உங்கள் மொழியில் பேசவில்லையே என்ற குறை இங்கே தீர்ந்துவிடும், விற்பவர் சுத்தமான ஆங்கிலத்தில் ஆரம்பித்து 'நமஸ்தே' வரை வருவார். சுற்றுலா விவரத்தில் 'கைவினைச் செயல்விளக்கம்' என்று இருந்தால் இதுதான் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

24. குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஒரு வேலை கொடுங்கள். ஒலிம்பியாவில் பழைய ஓட்டப்பாதை அப்படியே இருக்கிறது, சுமார் 192 மீட்டர். புறப்படும் கோட்டுக் கல்லில் கால் வைத்து ஓடச் சொல்லுங்கள், கைடு பேச்சு முடியும்வரை நேரம் போவதே தெரியாது. அங்கே ஹீரா கோயிலின் முன்னால்தான் 1936 முதல் ஒலிம்பிக் சுடரைச் சூரிய ஒளியில் ஏற்றுகிறார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

25. இத்தாலியின் பலெர்மோவில் இறங்கினால் காதைத் திறந்து வைத்திருங்கள். இலங்கைத் தமிழர்கள் பல காலமாகக் குடியிருக்கும் ஊர் அது. ஊரின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரினோ மலைமேல், கத்தோலிக்கர்களோடு சைவத் தமிழர்களும் நேர்ந்துகொண்டு ஏறுகிறார்கள். கைடு புரியாத மொழியில் பேசிக்கொண்டிருக்கும்போது, பல்லாரோ சந்தைப் பக்கம் "என்ன அண்ணை, ஊரிலிருந்தா?" என்று யாராவது கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

26. தொலைந்தே போய்விட்டால்: எபேசஸ் மாதிரிப் பேருந்து நிற்கும் இடம் தெரிந்திருந்தால் அங்கே போங்கள்; இல்லையென்றால் நின்ற இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள், கைடு தலை எண்ணியதும் தேடி வருவார். வரவில்லை என்றால் நிகழ்ச்சித் தாளில் இருக்கும் துறைமுக ஏஜென்டின் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கப்பல் பெயர், பேருந்து எண், நிற்கும் இடம் மூன்றும் போதும். டாக்ஸி பிடிப்பதானால் ஓட்டுநரிடம் துறைமுகப் பெயரைத் தாளில் காட்டுங்கள், வாயால் சொன்னால் அருகில் வேறு துறைக்குக் கொண்டுபோய்விட வாய்ப்புண்டு. பாஸ்போர்ட் கப்பலில் இருந்தாலும் அதன் நகல் கைப்பையில் இருக்கட்டும்.

27. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒவ்வாமை உள்ளவர்கள் நோயின் பெயரையும் மருந்தின் மூலப்பெயரையும் உள்ளூர் மொழியில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலி, கிரேக்கம் போன்ற பல நாடுகளில் மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம். அவசர உதவிக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் துருக்கியிலும் 112.

28. விளக்கப் பலகைகளை நின்று படிக்க நேரமிருக்காது. போட்டோ எடுத்துக்கொண்டே போங்கள். இரவு கேபினில் உட்கார்ந்து போனில் மொழிபெயர்த்தால், பகலில் கைடு கையை நீட்டி எதைக் காட்டினார் என்பது அப்போது பிடிபடும்.

29. கிளம்பும்போது கைடுக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்கச் சில யூரோ நாணயங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்களுக்காக நேரத்தை எழுதிக் கொடுத்தவருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

30. ஆங்கிலச் சுற்றுலா என்று விற்றுவிட்டு முன்னறிவிப்பே இல்லாமல் வேறு மொழிப் பேருந்தில் ஏற்றியிருந்தால், அன்று மாலையே டிக்கெட்டையும் ஸ்டிக்கரையும் எடுத்துக்கொண்டு சுற்றுலா கவுன்ட்டருக்குப் போங்கள். சண்டை வேண்டாம்; தேதி, பேருந்து எண், வாக்களித்த மொழி, கிடைத்த மொழி என்று நான்கு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் கணக்கு முடிவதற்குள் கேட்டால் பணத்தைக் கழித்துத் தர வழியிருக்கிறது. ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் பதிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.